களிம்பு, மாசிக்காய், மை: ஒரு சோதனையின் வரலாறு

நமது மீலாத் விழாக்களிலும் பாடசாலை மேடைகளிலும் ‘விஞ்ஞானத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு’ என்றொரு பேச்சு இருக்கும். பேசுகிற பிள்ளை மூச்சுவிடாமல் ஒரு பெயர்ப் பட்டியலை ஒப்புவிக்கும். இரசாயனவியல் என்று வந்தால் ஜாபிர் இப்னு ஹையான். அவர் கண்டுபிடித்தது நைத்திரிக்கமிலம். கைதட்டல் விழும். பிள்ளை அடுத்த பெயருக்குப் போய்விடும். நான் தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் இத்தகைய பேச்சுகளைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவருவார்கள். சொல்லைத் திருத்திவிடலாம். செய்தியை என்ன செய்வது?

செய்தியில்தான் சிக்கல். ஜாபிரின் பெயரில் வழங்கும் நூல்கள் ஏராளம். அவற்றை ஆழமாக ஆராய்ந்த போல் கிரவுஸ், அவை 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 10ஆம் நூற்றாண்டிலும் பலர் எழுதிச் சேர்த்தவை என்று 1940களில் வாதிட்டார். அதை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் நைத்திரிக்கமிலத்தின் தெளிவான செய்முறை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், 1300ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ‘கெபர்’ என்ற பெயரில் இலத்தீனில் எழுதப்பட்ட நூல்களுக்குத்தான் போய்ச் சேருகிறோம். கெபர் என்பது ஜாபிர் என்ற பெயரின் இலத்தீன் உருவம். எழுதியவர் ஐரோப்பியர், தன் நூலுக்கு மதிப்புத் தேட நமது பெயரைப் போட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் இரசாயன நூலொன்றுக்கு அரபுப் பெயர் வைத்தால்தான் மரியாதை என்றிருந்ததே, அதுவும் ஒரு பெருமைதான். ஆனால் அது வேறு பெருமை.

அப்படியென்றால் நமக்கென்று சொல்ல ஒன்றுமில்லையா? இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் அதை அமிலக் குடுவைக்குள் தேடக்கூடாது. சந்தைக்குப் போக வேண்டும். உயர்தர இரசாயனவியல் மாணவர்கள் ஆய்வுகூடத்தில் ‘அயன்களை இனங்காணல்’ என்று செய்கிறார்களே, ஒரு கரைசலில் என்ன கரைந்திருக்கிறது என்று நிறத்தாலும் வீழ்படிவாலும் கண்டுபிடிப்பது, அதன் வேர் கலப்படம் பிடிக்கும் வேலையில் இருக்கிறது. அந்த வேலையில் நம்மவர்களின் கை நன்றாகவே பட்டிருக்கிறது.

கதை களிம்பிலிருந்து தொடங்குகிறது. ஈயம் போன செம்புக் கிடாரத்தில் புளிப்பான கறியை வைத்தால் பச்சையாக ஒன்று படியுமே, அந்தக் களிம்புதான். அரபியில் ஸின்ஜார். செம்புத் தகட்டை வினாகிரியின் ஆவியில் வைத்து அதை வேண்டுமென்றே வளர்த்துச் சுரண்டி எடுப்பார்கள். கண் மருந்துக்கும் புண்ணுக்குப் போடும் களிம்புக்கும் (தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்து சேர்ந்திருப்பதைக் கவனிக்க) ஓவியரின் பச்சை நிறத்துக்கும் அது தேவைப்பட்டது. விலையுள்ள சரக்கு. விலையுள்ள சரக்கென்றால் கலப்படம் வரும். சலவைக்கல் தூளைக் கலந்தார்கள். படிகக்கல் போன்ற பச்சை அன்னபேதியைக் கலந்தார்கள். அன்னபேதி என்பது நமது வைத்தியர்களும் அறிந்த பொருள். பாடப்புத்தகத்தில் அதன் பெயர் பெரசு சல்பேற்று, அதாவது இரும்பின் உப்பு. இரண்டும் பச்சை. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கண் மருந்துக்குள் அன்னபேதி போனால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கி.பி. 79இல் இறந்த ரோமானியர் பிளினி தன் பெருநூலில் இதற்கு ஒரு வழி எழுதி வைத்தார். பப்பிரசுத் தாளை மாசிக்காய் ஊறிய நீரில் தோய்த்து எடுத்து, அதில் களிம்பைப் பூசிப் பார். கலப்படம் இருந்தால் தாள் உடனே கறுக்கும். தாளில் ஒரு பொருளை ஊறவைத்து, அதன் நிறமாற்றத்தால் இன்னொரு பொருளைக் கண்டுபிடிக்கும் முறைக்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றாக இதையே வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். இன்று நாம் பாசிச்சாயத் தாளைத் தோய்ப்பது இதன் கொள்ளுப்பேரன்.

ஏன் கறுக்கிறது? மாசிக்காயில் தனின் நிறைய உண்டு. இரும்பு அயன் அதனோடு சேர்ந்து, காற்றிலுள்ள ஒட்சிசனும் பட்டால், நீலங்கலந்த கரும்பொருள் உண்டாகும். செம்பு அயன் அப்படிக் கறுப்பதில்லை. ஆகவே தாள் கறுத்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. சுத்தமான களிம்பில் இரும்புக்கு வேலை இல்லை. பிளினிக்கு அயன் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாமலே சரியான சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

அதே நூற்றாண்டில் கிரேக்க வைத்தியர் தியோஸ்கோரிதீஸ் மருந்துப் பொருள்கள் பற்றிய தன் நூலில் வேறு வழிகளைச் சொன்னார். பெருவிரலை நனைத்துக் களிம்பைத் தேய்த்தால், சலவைக்கல் தூள் குழையாமல் வெளுத்து நிற்கும். பல்லில் கடித்தால் மணலாக நறநறக்கும். அன்னபேதியைப் பிடிக்க நெருப்பு வேண்டும்: ஓட்டிலோ தட்டிலோ தூவித் தணலில் வைத்தால், அன்னபேதி இருந்த இடம் சிவக்கும். இதற்கும் விளக்கம் எளிது. பெரசு சல்பேற்றைச் சுட்டால் மிஞ்சுவது இரும்பின் செவ்வொட்சைட்டு. நமது செம்மண்ணின் சிவப்பே அதுதான்.

பிளினி எழுதியது இலத்தீனில். பக்தாதில் பெயர்க்கப்பட்ட நூல்களின் வரிசையில் அது இல்லை. தியோஸ்கோரிதீஸ் வந்தார். 9ஆம் நூற்றாண்டில் இஸ்தபன் இப்னு பஸீல் அந்நூலை அரபியில் பெயர்க்க, பெரும் மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைத் திருத்தினார். இருவரும் கிறிஸ்தவர்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நமது பொற்காலம் நம்மால் மட்டும் ஆனதல்ல. அதன் பிறகு இந்தக் களிம்புச் சோதனை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்திய இடம். அது போய்ச் சேர்ந்தது முஹ்தஸிபின் கையேட்டில்.

ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், சிரியாவில் வாழ்ந்தவர் அப்துர் ரஹ்மான் இப்னு நஸ்ர் அஷ்-ஷைஸரி. ‘நிஹாயத்துர் ருத்பா ஃபீ தலபில் ஹிஸ்பா’ என்ற அவரது நூல் சந்தையைக் கண்காணிக்கும் அதிகாரியான முஹ்தஸிபுக்காக எழுதப்பட்டது. ரொட்டி சுடுகிறவர், இறைச்சி விற்கிறவர், தையல்காரர், இரத்தம் குத்தி எடுக்கிறவர் என்று ஒவ்வொரு தொழிலாக எடுத்து, அதில் என்ன களவு நடக்கும், எப்படிப் பிடிப்பது என்று சொல்கிறது. மருந்துச் சரக்கு விற்போர் பற்றிய அத்தியாயத்தில் களிம்பு வருகிறது. பெருவிரல் சோதனை, பல் சோதனை, நெருப்புச் சோதனை மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் நெருப்புச் சோதனையில் ஒரு வார்த்தை கூடியிருக்கிறது. தட்டைச் சூடாக்கித் தூவு. சிவந்தால் அன்னபேதி கலந்தது, கறுத்தால் சுத்தமானது என்கிறார். தியோஸ்கோரிதீஸ் சொன்னது சிவப்பை மட்டும். சுத்தமான களிம்பு நிறம் மாறாது என்று பிளினி எழுதியிருந்தார், அது சரியல்ல. செம்பின் உப்பைச் சுட்டால் கரிய செப்பொட்சைட்டுத்தான் மிஞ்சும். ஷைஸரியின் வசனத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் தட்டைச் சூடாக்கிப் பார்த்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். கெட்ட சரக்கு என்ன காட்டும் என்பதோடு நல்ல சரக்கு என்ன காட்டும் என்பதையும் தெரிந்து வைத்தால்தான் சோதனை சோதனையாகும். இன்றைய ஆய்வுகூடத்திலும் இதுதான் விதி.

சோதனை கிரேக்கருடையது, அதை நமது என்று சொல்ல வேண்டியதில்லை. அது இருந்த இடம் மாறியதுதான் நமது கதை. தியோஸ்கோரிதீஸிடம் அது வைத்தியருக்கு வைத்தியர் சொல்லும் தொழில் இரகசியம். ஷைஸரியிடம் அது பொதுமக்களின் சார்பில் கடைவீதியில் நிற்கும் ஓர் அதிகாரியின் கடமை. இந்த மாற்றத்துக்குப் பின்னால் எது இருந்தது என்று நமது வாசகருக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அளவையில் மோசம் செய்வோரை எச்சரிக்க ஒரு ஸூராவே இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் கையை விட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, ஆட்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டதும் நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட சம்பவம். அதில் எல்லாரும் வியாபாரிக்குச் சொன்ன கண்டிப்பைத்தான் எடுத்துப் பேசுவார்கள். குவியலுக்குள் போன அந்தக் கையை யாரும் பேசுவதில்லை. மேலே பார்த்ததை நம்பாமல் உள்ளே கைவிட்டுப் பார்ப்பது: முஹ்தஸிபின் சூடான தட்டு அந்தக் கையின் தொடர்ச்சி.

ஷைஸரியிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று அவரது தயக்கம். எல்லாருக்கும் தெரிந்த மோசடிகளையே எழுதுகிறேன், தெரியாதவற்றை எழுதினால் மார்க்கப் பற்றில்லாதவன் அதைப் பார்த்துப் படித்துக்கொள்வான் என்ற பயத்தில் சிலதை விட்டுவிடுகிறார். கலப்படத்தைப் பிடிக்கத் தெரிந்தவனுக்குக் கலப்படம் செய்யவும் தெரியும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது.

இனி மாசிக்காய்க்கு வருவோம். நமது பெண்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிள்ளைப்பேற்று மருந்தில் மாசிக்காய் இல்லாமல் இருக்காது. பெயரில் காய் என்றிருந்தாலும் அது காயல்ல. ஒருவகை ஓக் மரத்தின் தளிரில் சிறு குளவியொன்று முட்டையிட, அந்த இடத்தில் மரம் வீங்கி உருண்டையாவதுதான் மாசிக்காய். அரபியில் அஃப்ஸ். அது மேற்காசியாவிலிருந்து வரும் சரக்கு. அரபு உலகத்தில் அதற்கு மருந்தை விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது: மை.

அரபியில் மைக்கு இரண்டு சொற்கள். மிதாத் என்றால் பெரும்பாலும் புகைக்கரியைப் பிசினில் குழைத்த மை. ஹிப்ர் என்று வழங்கியது மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை. இரு சொற்களும் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து குழப்புவதும் உண்டு. துனீசியப் பகுதியை ஆண்ட அல்-முயிஸ் இப்னு பாதீஸின் பெயரில் வழங்கும் ‘உம்தத்துல் குத்தாப்’ என்ற 11ஆம் நூற்றாண்டு நூலில் இரு வகைக்கும் செய்முறைகள் உள்ளன. அன்னபேதி போன்ற பொருள்களுக்கு ஸாஜ் என்று பெயர். அர்-ராஸி கனிமங்களை ஆறு வகுப்பாகப் பிரித்தபோது ஸாஜ்களுக்குத் தனி வகுப்பே கொடுத்தார்.

ஆக, பிளினியின் தாளைக் கறுக்கவைத்த அதே தாக்கம் எழுத்தாளரின் மைக்கூட்டில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. பிளினிக்கு அது கலப்படத்தின் சாட்சி. குத்தாப்களுக்கு அது எழுத்து.

நமது வீடுகளிலும் அது நடக்கிறது. இரும்பு கூடிய கிணற்றுத் தண்ணீரில் பிளேன்டீ ஊற்றிப் பாருங்கள். “இந்தக் கிணத்துத் தண்ணில தேத்தண்ணி ஊத்தினா கறுத்துப் போகுது” என்று மூத்தம்மாமார் முகம் சுளிப்பார்கள். தேயிலையிலும் தனின் வகைகள் உண்டு. தண்ணீரில் இரும்பு அயன் இருந்தால் தேத்தண்ணியின் சிவப்பு மங்கிக் கறுக்கும். வகுப்பில் இதைச் செய்துகாட்டுவது சுலபம்: துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் ஓரிரவு போட்டுவைத்து, காலையில் அந்த நீரில் சில துளிகளைச் சாயத்தில் விட்டால் போதும். தமிழ்ப் பாடவேளையில் நான் செய்துகாட்டியபோது பிள்ளைகள் வாய்பிளந்தார்கள். இரசாயனவியல் சேர் மட்டும், “இது எங்கட ஏரியா” என்று சிரித்துக்கொண்டு போனார்.

ஐரோப்பாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாடப்புத்தகங்களில் அதற்கு இடம் உண்டு. அங்கே கேள்வி சந்தையிலிருந்து ஊற்றுக்கு நகர்ந்தது. நோய் தீர்க்கும் என்று நம்பப்பட்ட கனிம ஊற்று நீரில் என்னதான் இருக்கிறது? றொபேட் பொயில் 1685இல் கனிம நீர்கள் பற்றி எழுதினார். இரும்புக்கு அவரும் மாசிக்காயைத்தான் நாடினார். சுவீடனின் பேர்க்மன் 1778இல் நீரைப் பகுத்தறிய ஒரு முழுச் சோதனைப் பொருள் வரிசையையே தந்தார். வெள்ளி நைத்திரேற்று விட்டால் வெண்தயிராகத் திரண்டால் குளோரைட்டு, பேரியம் உப்பு விட்டால் அமிலத்திலும் கரையாத வெண்வீழ்படிவு வந்தால் சல்பேற்று, ஒட்சாலிக்கமிலத்துக்குக் கல்சியம். அவர் வரிசையிலும் மாசிக்காய்ச் சாறு இருந்தது. 1841இல் 22 வயது ஜேர்மன் இளைஞர் பிரெசனியஸ் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்திக் கூட்டம் கூட்டமாக அயன்களைப் பிரிக்கும் முறையை நூலாக்கினார். ஐதரசன் சல்பைட்டின் அழுகிய முட்டை நாற்றத்தோடு உயர்தரப் பிள்ளைகள் இன்றும் அவர் வழியில்தான் நடக்கிறார்கள்.

இவர்கள் யாருக்கும் ‘அயன்’ இன்றைய பொருளில் தெரியாது. பரடே அச்சொல்லை 1834இல் வழக்குக்குக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் ‘போவது’ என்று பொருள். உப்பு நீரில் கரைந்தவுடனே தானாக அயன்களாகப் பிரிந்துவிடுகிறது என்று சுவாந்தே அரீனியஸ் 1884இல் தன் ஆய்வேட்டில் சொன்னபோது பரிசோதகர்கள் மிகக் குறைந்த தரத்தையே கொடுத்தார்கள். 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சோதனை முன்னே, விளக்கம் 1800 ஆண்டு பின்னே. தமிழ் படித்தவனுக்கு அயன் என்றால் பிரமன். அயம் என்றால் இரும்பு. ‘அயத்தின் அயன்’ என்று எழுதினால் புலவர்கள் எங்கே போய் நிற்பார்களோ தெரியாது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்து நூலொன்று 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரிலேயே வந்தது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

ஐரோப்பியக் கதையில் ஒருவரிடம் மட்டும் சற்று நிற்க வேண்டும். வியன்னாவில் பிறந்த யூதரான பிரிட்ஸ் பைகல், வடிதாளில் ஒரு துளிக் கரைசலும் ஒரு துளிச் சோதனைப் பொருளுமாக விட்டு அயனை அறியும் துளிச் சோதனைகளைப் பெரும் கலையாக வளர்த்தார். 1931இல் அதற்கு நூல் எழுதினார். 1938இல் நாசிகளிடமிருந்து தப்பிப் பெல்ஜியம் போய், பிறகு பிரேசிலில் குடியேறினார். பெரிய குடுவைகளையும் வடிகட்டல்களையும் சுற்றிவந்த சோதனை, அவர் கையில் மறுபடி தாளுக்குத் திரும்பியது.

இந்த வரலாற்றை நான் ஒரு சஞ்சிகையில், அதுவும் நமது சுவடிகளைப் பற்றி அடிக்கடி எழுதும் சஞ்சிகையில் எழுதுவதற்குக் காரணம் இனி வருவது.

மாசிக்காய் மை அழியாத மை. நீர் பட்டாலும் கலையாது, சுரண்டினாலும் முழுதாகப் போகாது. ஆனால் அதற்குள் ஒரு விஷம் இருக்கிறது. பெரசு சல்பேற்றும் தனினும் சேரும்போது சல்பூரிக்கமிலம் உண்டாகிறது. அன்னபேதியை அளவுக்கு மீறிப் போட்டிருந்தால், தாக்கமுறாத இரும்பு அயன் மையில் தங்கிவிடுகிறது. அமிலம் காகித நாரை அறுக்கிறது. இரும்பு அயன் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து அந்த அறுப்பைத் துரிதப்படுத்துகிறது. ஆண்டுகள் போக, எழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிழல் விழுகிறது. பிறகு எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிறது. கரி மையில் எழுதிய ஏட்டுக்கு இந்த ஆபத்து இல்லை.

நமது ஊர்களில் பழைய கிதாபுகளும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளும் இன்னும் வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. ஒரு வீட்டில் எனக்குக் காட்டிய பிரதியில் பல இடங்களில் எழுத்தின் வடிவிலேயே காகிதம் போயிருந்தது. “பூச்சி அரிச்சிட்டு தம்பி” என்றார் வீட்டுக்காரர். பூச்சி அரித்தால் எழுத்தும் வெறுந்தாளும் பார்க்காமல் வளைந்து வளைந்து போகும். எழுத்தின் வடிவில் அரிக்கிற பூச்சி இல்லை. இத்தகைய பிரதிகளை ஈரத்துணியால் துடைப்பது, வெயிலில் காயப்போடுவது, நெகிழித்தாளில் சூடாக்கி ஒட்டி ‘லேமினேட்’ பண்ணுவது எல்லாம் நல்லெண்ணத்தோடுதான் நடக்கிறது. மாசிக்காய் மையாக இருந்தால் ஈரம்தான் முதல் எதிரி. ஈரம் பட்டதும் இரும்பு அயன் எழுத்தை விட்டு நகர்ந்து பக்கத்துக் காகிதத்துக்கும் பரவும். லேமினேட் பண்ணிய தாளை மீட்டெடுப்பதோ மிகக் கடினம். ஆகவே எதையும் செய்யுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த மையில் இரும்பு இருக்கிறதா?

அதற்கும் ஒரு தாள் இருக்கிறது. நெதர்லாந்தின் சுவடிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் உருவாக்கியது. பத்தோபினாந்திரோலின் என்ற பொருளில் ஊறவைத்து உலர்த்திய சிறு காகிதத் துண்டு. காய்ந்த துண்டு வெள்ளையாக இருக்கும். ஒரு துளி தூய நீரால் அதைச் சற்றே நனைத்து, மேலதிக ஈரத்தை வடிதாளில் ஒற்றி எடுத்துவிட்டு, எழுத்தின் மேல் அரை நிமிடமளவு மெதுவாக அழுத்த வேண்டும். பெரசு அயன் இருந்தால் துண்டில் எழுத்தின் தடம் இளஞ்சிவப்பாகவோ ஊதாச் சிவப்பாகவோ விழும். நிறம் வராவிட்டாலும் அவசரப்படக் கூடாது. இரும்பு முழுவதும் பெரிக்கு நிலைக்கு மாறியிருக்கலாம். அப்போது அந்தத் துண்டில் ஒரு துளி அசுக்கோபிக்கமிலக் கரைசலை, அதாவது விற்றமின் சி கரைத்த நீரை விடுகிறார்கள். அது பெரிக்கு அயனைப் பெரசாக மாற்ற, நிறம் தெரியும். துளியை விடுவது துண்டில்தான், கிதாபில் அல்ல. ஓரத்தில், பொருள் கெடாத ஒரு புள்ளியிலோ கோட்டிலோ சோதிப்பதே முறை. அல்லாஹ்வின் பெயர் எழுதிய இடத்தைத் தவிர்க்கச் சொல்லி நான் சேர்த்துக்கொள்கிறேன். நெதர்லாந்துக்காரர்கள் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

துண்டு சிவந்தால் அந்தப் பிரதியை வீட்டில் வைத்து ஒன்றும் செய்யக் கூடாது. ஈரமில்லாத, வெயில் படாத இடத்தில், அமிலமற்ற தாள்களுக்கிடையே கிடையாக வைத்து, பயிற்சி பெற்ற சுவடிப் பாதுகாவலரிடம் காட்ட வேண்டும். தானியத் தவிட்டிலிருந்து எடுக்கும் பைற்றிக்கமிலத்தின் கல்சிய உப்பால் இரும்பு அயனைக் கட்டிப்போட்டு, கல்சியம் இருகாபனேற்றால் அமிலத்தை நடுநிலையாக்கும் முறை 1990களிலிருந்து கையாளப்படுகிறது. துண்டு வெள்ளையாகவே இருந்து, இரண்டாம் துளிக்குப் பிறகும் நிறம் காட்டாவிட்டால் பெரும்பாலும் அது கரி மை. அந்தக் கிதாபுக்குப் பூச்சியிடமிருந்து மட்டும் காவல் போதும்.